நடுவில் வைத்தால் ஊமை

நான் வயர் போட்டுக் கொடுத்த கிட்டாரை நீ எனக்குத் தெரியாமல் ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுபோய், உன் சித்தப்பாவிடம் கொடுத்துத் திறக்கச் சொன்னாய். நான் செய்ததை அவன் மாற்றினான். மாற்றியதை இருவரும் சேர்ந்து என்னிடம் மறைத்தீர்கள். நீ எனக்குச் செய்த தவறு இதுதான். இதைச் சின்ன விஷயமாக ஆக்கிவிட உன் அம்மா முயற்சி செய்துகொண்டிருக்கிறாள். "ஒரு ஸ்விட்சுக்காகவா புள்ளைகிட்ட பேசாம இருக்கீங்க? வியாழக்கெழமை ரயிலேறப் போறவன்" என்கிறாள். ஆமாம், ஸ்விட்சுக்காகத்தான். உலகத்தில் அப்பனும் மகனும் இதைவிட அற்பமான காரணங்களுக்காகவெல்லாம் பேசாமல் இருந்திருக்கிறார்கள். எனக்காவது கையில் பிடித்துக் காட்ட ஒரு பொருள் இருக்கிறது.

ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு கடிதமா என்று நினைப்பாய். நேரில் ஆரம்பித்தால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று தலையாட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாய். சிறு வயதிலிருந்தே உன் வழி அது. எதிர்த்துப் பேசாமலே என்னைத் தோற்கடிப்பாய். காகிதத்திடம் சரிப்பா சொல்ல முடியாது. வாசித்துத்தான் ஆக வேண்டும். கடையில் ஆள் வராத மத்தியான நேரத்தில், முதுகு திறந்து கிடக்கும் ஒரு ரேடியோவின் முன்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். மெட்ராஸில் பெரிய குழுவில் வாசிக்கப் போகிறாய். அங்கே பலர் உன்னைக் கொண்டாடுவார்கள், கொண்டாடட்டும். நீ போவதற்கு முன்னால் இது தீர வேண்டும்.

அந்தக் கிட்டார் நம்மிடம் வந்த நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். பொன்மலை ரயில்வே காலனியில் உனக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்த ஆங்கிலோ இந்தியர், குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறும்போது, பழுதான கிட்டார்தானே என்று அதை உன்னிடம் விட்டுவிட்டுப் போனார். நீ அதை ஒரு சாக்கில் சுற்றி மழையில் நனையாமல் பாலக்கரைக்குக் கொண்டுவந்து, என் கடை மேசைமேல் வைத்து, "அப்பா, இது பாடுமா?" என்று கேட்டாய். நீ வளர்ந்த பிறகு என்னிடம் கேட்ட கேள்விகளில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் நீ வேறிடத்தில் கேட்டுக்கொண்டாய்.

பின்பக்க மூடியைத் திறந்தால் உள்ளே களிம்பேறிய கம்பிகள், எதுவும் எதோடும் சேராமல் தொங்கின. தந்திகளுக்குக் கீழே இரண்டு பிக்கப். அதாவது காந்தத்தின்மேல் மெல்லிய செம்புக் கம்பி சுற்றிய இரண்டு சுருள்கள். ஒன்று கழுத்தோரம் இருக்கிறது, அதன் ஓசை கனமானது. இன்னொன்று குதிரையோரம், தந்திகள் வந்து ஏறும் இடத்தில். அதன் ஓசை கூர்மையானது. இரண்டில் எது பேச வேண்டும் என்று தீர்மானிப்பது, வெளியே சின்னக் குமிழாக நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்விட்ச். அந்த ஸ்விட்சில் கம்பி மாட்டும் கால்களில் ஒரு கம்பிகூட மிச்சமில்லை. எந்தக் கால் எதற்கு என்று சொல்ல ஆளில்லை. நான் அதற்கு முன்னால் கிட்டாரைத் தொட்டதுகூட இல்லை. எனக்கு ரேடியோவையும் யாரும் சொல்லித்தரவில்லை. ஷாக் அடித்து அடித்துக் கற்றுக்கொண்டேன். பேட்டரியும் இரண்டு டார்ச் பல்புமாக உட்கார்ந்து அந்த ஸ்விட்சை விசாரித்தேன். நடுவில் அசைகிற பித்தளை நாக்கு, அதன் கால் வெளியே போகும் கம்பிக்கு. நாக்கின் இரு பக்கமும் இரண்டு மெல்லிய தகடுகள், பிக்கப்புக்கு ஒன்றாக. உடம்போடு ஒட்டிய கால் எர்த்துக்கு. இவ்வளவையும் கண்டுபிடித்தது நான். இதை உன் சித்தப்பா கண்டுபிடிக்கவில்லை. அவன் திறந்தபோது எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது.

குமிழை மேலே தள்ளினால் ஒரு பல்பு எரிந்தது. கீழே தள்ளினால் மற்றது. நடுவில் நிறுத்தினால் இரண்டும் எரிந்தன. நீ மேசைக்கு எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். நான் பழுது பார்த்த எந்த ரேடியோவிலும் அப்படி ஒரு ஸ்விட்ச் கிடையாது. மீடியம் வேவும் ஷார்ட் வேவும் சேர்ந்து பாடினால் அந்த ரேடியோவை என்னிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள், கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஆகவே தகடுகள் தளர்ந்து உள்ளே சாய்ந்துவிட்டன என்று முடிவு செய்தேன். மூக்குக் குறட்டால் இரண்டையும் வெளியே வளைத்தேன். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் எதுவும் இல்லை. "நடுவுல வச்சா ஊமை. பாட்டு முடிஞ்சதும் நடுவுல வச்சிடு, இரைச்சல் வராது" என்று உனக்குச் சொன்னேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கே தெரியும். "சரிப்பா."

இப்போது உன் சித்தப்பாவைப் பற்றி எழுதப் போகிறேன். உனக்குப் பிடிக்காது. என் தம்பி என்னிடம்தான் வேலை கற்றான். எனக்கு எதிரே, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, நான் செய்வதைப் பார்த்துப் பார்த்துச் செய்தான். அவன் இடதுகைக்காரன். என் வலது கை செய்ததை அவன் இடது கை செய்தது. கண்ணாடியில் என்னையே பார்ப்பதுபோல இருக்கும். பிறகு ரேடியோ சலித்துப்போய் மைக் செட் வைத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்தோடு போய்விட்டான். ரேடியோக்காரனை யாருக்கும் நினைவிருக்காது. ரேடியோ பாடினால் அதோடு அவனை மறந்துவிடுவார்கள். மைக் செட்காரன் இல்லாமல் கல்யாணம் இல்லை, திருவிழா இல்லை. போகிற இடமெல்லாம் அவனுக்கு முதல் பந்தியில் இலை. அவன் ஒரு நகைச்சுவை சொன்னால் சமையல்காரர்கள்கூடக் கரண்டியோடு வந்து நின்று கேட்பார்கள். எனக்கு அந்த வாய் இல்லை. நான் பொறாமைப்படுகிறேன் என்று உன் அம்மா சொல்கிறாள். வேறு என்ன செய்யச் சொல்கிறாள்?

நீ மழலை பேசத் தொடங்கிய சமயம். ஏகாதசிக் கூட்டத்துக்காக அவன் ஸ்ரீரங்கத்தில் தெரு நெடுகக் குழாய் ஸ்பீக்கர் கட்டினான். ஆள் பற்றவில்லை என்று என்னைக் கூப்பிட்டான். வேப்பமரத்தில் ஏறிக் கடைசிக் குழாயைக் கட்டிக்கொண்டிருந்தவன் நான். கீழே உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற அவன், மைக்கை உன் வாயருகே கொண்டுபோய், "ஏதாச்சும் சொல்லுடா தங்கம்" என்றான். நீ "சித்தப்பா" என்றாய். கோபுரம் வரைக்கும் எல்லாக் குழாயிலும் சித்தப்பா, சித்தப்பா. தெருவே சிரித்தது. நான் கட்டிக்கொண்டிருந்த குழாய் என் காதுக்கு நேரே இருந்தது. அந்தச் சத்தம் இன்னும் முழுதாக இறங்கவில்லை. குழந்தை என்ன கண்டது என்பார்கள். குழந்தைக்கு அப்பா என்ற சொல்லும் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு உன் சனிக்கிழமைகள் எல்லாம் ஸ்ரீரங்கத்துக்குப் போயின. அவனுக்குப் பிள்ளை இல்லை, போய்விட்டு வரட்டும் என்று உன் அம்மா சொன்னாள். நான் தடுக்கவில்லை. ஆனால் இந்தக் கிட்டார் மட்டும் என்னுடையது என்று நினைத்திருந்தேன். நீ எந்த மேடையில் வாசித்தாலும் அதன் வயிற்றுக்குள் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்குள் ஒரு திமிர். அந்தத் திமிரோடுதான் போன முகூர்த்தத்தன்று ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத்தில் முன் வரிசையில் வந்து உட்கார்ந்தேன். வரவேற்புக்கு உங்கள் குழுவின் கச்சேரி, மைக் செட் உன் சித்தப்பாவுடையது. என் பக்கத்து நாற்காலியில், காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கும் ராவுத்தர். அவர் வீட்டு ரேடியோ என் கடைக்கு வருவது.

"தம்பி கிட்டாரு நீங்க ரிப்பேர் பண்ணதாமே, ரேடியோக்காரரே?" என்றார்.

"ரிப்பேர் இல்லீங்க. உள்ள பூரா நம்ம கைவேலை. அந்தச் சின்னக் குமிழைப் பாருங்க. மேல தள்ளினா கனமா வரும், கீழ தள்ளினா கூரா வரும், நடுவுல வச்சா ஊமை."

"அட, ஊமைக்கும் ஒரு ஸ்விட்சா! என் வீட்டுக்கு ஒண்ணு போட்டுக் குடுங்க, புண்ணியமாப் போவும்."

நான் சிரித்துக்கொண்டிருந்தபோதே நீ அடுத்த பாட்டை எடுத்தாய். உன் விரல் குமிழைத் தொட்டது. நடுவில் நிறுத்தினாய். பாட்டு இன்னும் முடியவில்லையே, ஏன் இவன் நடுவில் வைக்கிறான் என்று நான் பதறுகிறேன். கிட்டார் பாடியது. கனமும் இல்லை, கூர்மையும் இல்லை, மணியும் தேனும் கலந்ததுபோல மூன்றாவதாக ஒரு ஓசை. அதுவரை இலைக்கு முந்திக்கொண்டிருந்த கூட்டம் திரும்பிப் பார்த்தது. நீ கண்ணை மூடிக்கொண்டாய். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நின்ற உன் சித்தப்பா, தலையை ஆட்டிக்கொண்டே உன்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது.

ராவுத்தர் என் பக்கம் சாய்ந்தார். "ஊமைன்னீங்க?" என்றார். கொஞ்ச நேரம் கேட்டார். "மாஷா அல்லாஹ், உங்க ஊமை நல்லாத்தான் பாடுதுங்க."

மறுநாள் காலை நீ குளிக்கப் போனபோது கிட்டாரைத் திறந்தேன். தகடுகள் மறுபடி உள்ளே சாய்ந்து நாக்கைத் தொட்டுக்கொண்டிருந்தன. கழுத்துப் பிக்கப்பின் கம்பியில் ஈயம் புதிதாகப் பளபளத்தது. கம்பியைக் காலில் மாட்டிச் சுற்றியிருந்த திசையைப் பார்த்தேன். நான் வலப்பக்கமாகச் சுற்றுவேன். அது இடப்பக்கமாகச் சுற்றியிருந்தது. கையெழுத்தைக்கூட மாற்றிப் போடலாம், இதை மாற்ற முடியாது. இந்தத் திருச்சியில் என் வேலையை அப்படியே தலைகீழாகச் செய்கிற கை ஒன்றுதான் உண்டு. மூடியைத் திருகி வைத்துவிட்டு ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறினேன்.

அவன் வாசலில் குழாய்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். "வாங்கண்ணே, கச்சேரி எப்படி?" என்றான்.

"கிட்டாரைத் தொறந்தியா?"

துடைத்த கை நின்றது. "தொறந்தேன்ணே."

"எதுக்கு?"

"அவன் வாசிக்கிற பாட்டு ஒண்ணுக்கு ரெண்டும் சேந்து கேக்கணுமாம். நடுவுல வச்சா செத்துப்போவுது சித்தப்பான்னு வந்தான். ரெண்டு தகட்டையும் இத்துனூண்டு உள்ள தள்ளினேன். அவ்வளவுதான்ணே. தள்ளுறப்ப ஒரு கம்பி விட்டுப்போச்சு, திருப்பிப் போட்டேன்."

"நான் போட்ட ஈயப் பத்து விடாது."

"சரிண்ணே, விடல. நான் இழுத்துட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

ஒரு குழாயைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்தான். "புள்ளதாண்ணே வேணாம்னான். அப்பாவுக்குத் தெரிஞ்சா ஒடிஞ்சு போயிடுவாருன்னான். சாப்புட்டுப் போங்கண்ணே, வெறும் வயித்தோட வந்திருக்கீங்க." வெறும் வயிற்றோடே திரும்பினேன்.

ஒடிந்து போவேனாம். நீ அவனிடம் போனதைவிட இந்த வார்த்தைதான் என்னைப் படுத்துகிறது. என்ன மாதிரி ஓசை வேண்டும் என்று அவனிடம் பேசியிருக்கிறாய். அப்பா எப்படிப்பட்டவர், எதைத் தாங்குவார், எதைத் தாங்கமாட்டார் என்றும் பேசியிருக்கிறாய். நீங்கள் இருவரும் உள்ளே, நான் வெளியே. நடுவில் இரண்டும் சேர்ந்துதான் கேட்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். என் காதாலேயே கேட்டேன், இல்லை என்று சொல்ல நான் முட்டாள் இல்லை. ஆனால் அதை முதலில் எனக்குச் சொல்லியிருக்க வேண்டியது நீ, ராவுத்தர் இல்லை. "அப்பா, நடுவுல ரெண்டும் கேக்கணும்" என்று நீ கடைக்கு வந்து சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? சத்தம் போட்டிருப்பேன். ரேடியோவை எல்லாம் உதாரணம் காட்டியிருப்பேன். உனக்கு என்ன தெரியும் என்று கேட்டிருப்பேன். பக்கத்துக் கடைக்காரன் எட்டிப் பார்த்திருப்பான். நீ விடாமல் நின்றிருந்தால், கடைசியில் குறட்டைக் கையில் எடுத்திருப்பேன். அந்தச் சண்டை எனக்குச் சேர வேண்டியது. அதை எனக்குத் தராமல், சண்டையே இல்லாத ஒரு வீட்டில் போய் வேலையை முடித்துக்கொண்டாய். என் அப்பாவிடம் நானும் வாய் திறந்ததில்லை; அவர் போன பிறகு எனக்கு மிஞ்சியது அவருக்கு நான் சொன்ன சரிகள் மட்டும்தான். அவற்றை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை.

மெட்ராஸில் உனக்கு உதவும் என்பதால் இதையும் எழுதுகிறேன். அங்கே கிட்டார் ஒரு நாள் கட்டாயம் மக்கர் செய்யும். "குடு, நான் பாத்துத் தரேன்" என்று பலர் கை நீட்டுவார்கள். கொடுக்காதே. கம்பியை வெட்டுவதற்கு முன்னால் எது எங்கே இருக்கிறது என்று படம் போட்டுக்கொள். எந்தப் பிக்கப் எந்தப் பக்கம் என்று சந்தேகம் வந்தால் ஆம்ப்ளிஃபயரைக் குறைவாக வைத்து, திருப்புளியால் பிக்கப்பின்மேல் லேசாகத் தட்டு. உயிரோடு இருப்பது டக்கென்று பதில் சொல்லும். இல்லாதது முணுமுணுக்கும். ஈயம் உருக்கும் சூட்டுக்கோலைத் தகட்டின்மேல் அதிக நேரம் வைக்காதே, அதன் வில் போய்விடும். வில் போனால் எவ்வளவு வளைத்தாலும் நிற்காது. ஒன்று கெட்டுவிட்டது என்று முடிவு செய்வதற்கு முன்னால், அது அப்படித்தான் இருக்க வேண்டுமோ என்று ஒரு தடவை கேள். யாரைக் கேட்பது என்றால், அதை வாசிக்கிறவனைக் கேள். என் மேசைக்கு எதிரே வாசிக்கிறவன் நின்றிருந்தான். நான் கேட்கவில்லை, அவனும் வாயைத் திறக்கவில்லை.

இனி செய்ய வேண்டியவை. புதன்கிழமை பகலில் நீ கிட்டாரைக் கடைக்குக் கொண்டுவர வேண்டும். சாக்கில் சுற்றாமல், தெரு பார்க்க, தோளில் மாட்டிக்கொண்டு வர வேண்டும். உன் அம்மா அன்றைக்கு எதையும் எடுத்துக்கொண்டு கடைப் பக்கம் வரக் கூடாது, சமாதானம் பேச ஆளையும் அனுப்பக் கூடாது. உன் சித்தப்பா வியாழக்கிழமை ஸ்டேஷனுக்கு வரலாம். உன் பெட்டியை அவன் தூக்கட்டும், படுக்கையையும் தூக்கட்டும், கிட்டாரை மட்டும் அவன் தொடக் கூடாது. அவன் இடப்பக்கமாகச் சுற்றிய ஈயப் பற்றை நான் எடுத்துவிட்டு வலப்பக்கமாகச் சுற்றிப் போடுவேன். தகடுகள் அவன் தள்ளிய இடத்திலேயே இருக்கட்டும். அவற்றை நானும் தொடமாட்டேன், மெட்ராஸில் நீயும் தொடாதே. மூடியின் திருகாணிகளை நீ போட வேண்டும். ஆனால் இதெல்லாம் பிறகு. முதலில் நீ மேசைக்கு எதிரே நின்று, என் முகத்தைப் பார்த்து, "அப்பா, நடுவுல ரெண்டும் கேக்கணும்" என்று சொல்ல வேண்டும். நான் முடியாது என்பேன். நீ சரிப்பா என்று சொல்லக் கூடாது. மறுபடியும் சொல்ல வேண்டும்.